கண்டி நகரின் வாடகை வீடும் அங்கவீனரும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகரின் வரலாற்றை எழுதியோர் அரண்மனையைப் பற்றி எழுதினர்; தலதா மாளிகையைப் பற்றி எழுதினர்; 1815 ஆம் ஆண்டின் உடன்படிக்கையைப் பற்றி எழுதினர். கோப்பியும் தேயிலையும் இந்நகரின் முகத்தை எவ்வாறு மாற்றின என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் ஆராய்ந்துள்ளனர். ஆயின், பிறருடைய கூரையின் கீழ் மாதந்தோறும் வாடகை கொடுத்து வாழ்ந்தோரின் வரலாறு அதிகம் எழுதப்பட்டதன்று. அவருள்ளும் நடக்க இயலாதோர், பார்வையற்றோர் முதலியோர் எங்கு வாழ்ந்தனர், எவ்வாறு வீடு பெற்றனர் என்னும் வினா எழுப்பப்படுவதே அரிது. அவ்வினாவை எழுப்புவதும், வாடகைச் சட்டங்களின் வரலாற்றினூடாக அதற்கு ஒரு பகுதியளவிலேனும் விடைகாண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையின் முடிபை முன்கூட்டியே கூறிவிடலாம்: இந்நாட்டில் வாடகையைப் பற்றி எழுந்த சட்டங்கள் வீட்டின் படிகளைக் காணவில்லை; பிற்காலத்தில் படிகளைப் பற்றி எழுந்த சட்டங்கள் வாடகை வீட்டைக் காணவில்லை.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு அவசியமாகிறது. ‘அங்கவீனர்’ என்னும் சொல்லே இலங்கைத் தமிழில் நீண்டகாலம் ஆட்சிபெற்றிருந்தது. ‘வலது குறைந்தோர்’ என்பதும் வழங்கிற்று. ‘மாற்றுத் திறனாளிகள்’ என்னும் தொடர் தமிழகத்திலிருந்து அண்மைக் காலத்தில் பரவியது. பழைய சொல்லில் குறையொன்று உண்டு. அது குறைபாட்டை முற்றாக உடலிலேயே வைத்துவிடுகிறது. 1976 இல் பிரித்தானியாவில் உடற்குறைபாடுடையோர் தாமே கூடி அமைத்த சங்கமொன்று வெளியிட்ட அறிக்கை, உடற்குறைபாடு வேறு, சமூகம் அதன்மேற் சுமத்தும் இயலாமை வேறு எனப் பிரித்துக் காட்டிற்று. கண்டியில் வாழ்வோருக்கு இவ்வேறுபாட்டை விளக்க நூல் வேண்டியதில்லை. ஏரிக்கரையில் சக்கர நாற்காலியில் தடையின்றிச் செல்லும் ஒருவர், அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வீட்டு வாசலில் இயலாதவராகிவிடுகிறார். வரலாற்று ஆவணங்களோடு இயைய இங்கு பழைய சொல்லையே பெரிதும் ஆள்கிறேன். பொருளைப் புதியதாகக் கொள்க.

நிலவமைப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மகாவலி வளைந்தோட, மலைகள் சூழ அமைந்தது இந்நகர். பகைவர் எளிதில் அணுகலாகாது என்பதே தலைநகராக இது தெரிவுசெய்யப்பட்டதற்கான காரணங்களுள் முதன்மையானது. அணுகலருமை அன்று அரசனுக்கு அரணாயிற்று. பள்ளத்தாக்கின் சமதரையோ சிறிது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 முதல் 1812 வரையான காலத்தில் வயல்நிலத்தை ஏரியாக்கினான். எஞ்சிய சமதரையை மாளிகையும் தேவாலயங்களும், பின்னர் 1867 இல் வந்த புகையிரதமும், சந்தையும், வங்கிகளும், கடைகளும் பங்கிட்டுக்கொண்டன. குடியிருப்பு மலைச்சரிவில் ஏறிற்று.

மலைச்சரிவில் ஏறியோர் எல்லோரும் ஒரு வகையினர் அல்லர். மோட்டார் வாகனம் வாசல்வரை செல்லும் பாதையமைந்த சரிவுகளில் வசதி படைத்தோரின் இல்லங்கள் எழுந்தன. ஏரியை நோக்கும் காட்சிக்கே அங்கு விலையுண்டு. பாதை முடிந்து படிக்கட்டு தொடங்கும் இடத்திலிருந்தே குறைந்த வாடகைக்குரிய கண்டி தொடங்குகிறது. மகியாவையிலும் ஹந்தானை அடிவாரத்திலும் அஸ்கிரியச் சரிவுகளிலும் நடந்தோர் இதனை அறிவர். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து படிகளின் எண்ணிக்கை கூடக் கூட வாடகை குறைகிறது. எனவே, குறைந்த வாடகை, எளிதில் அணுகத்தக்க வாசல் என்னும் இரண்டையும் ஒருங்கே வேண்டுவோரை இந்நகரின் நிலச் சந்தை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. கொழும்பின் சமதரைச் சேரிகளில் வறுமைக்கு வேறு துன்பங்கள் உண்டு. வறுமை படியேறுவது கண்டியின் தனித்தன்மை.

சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். படியொன்றின் உயரம் ஆறங்குலம் எனக் கொள்வோம். 40 படி ஏறினால் 20 அடி உயரம். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமேனும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதன்படி 20 அடி உயரத்துக்கு 240 அடி நீளமான சாய்தளம் தேவை. இளைப்பாறும் தட்டுகள் இதனுட் சேரா. ஐந்து பேர்ச்சஸ் காணியில் அதற்கு இடமேது? ஆகவே இந்நகரில் இது வீட்டுக்காரர் ஒருவரின் நல்லெண்ணத்தால் மட்டும் தீரக்கூடிய சிக்கலன்று. பாதை, காணி, வாடகை ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கும் நகரத் திட்டமிடலுக்கு உரியது.

இனி, அரசு இவர்களை எவ்வாறு கண்டது எனப் பார்ப்போம். குடியேற்றவாத காலத்தில் அங்கவீனர் அறப்பணியின் பொருளாகவே கருதப்பட்டனர். 1912 இல் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமாகத் தொடங்கப்பெற்ற பாடசாலை (பின்னாளில் இரத்மலானையில் நிலைபெற்றது) மிசனரிமாரின் முயற்சி. 1934 இல் அமைந்த வெடர்பேர்ன் ஆணைக்குழு வறுமை நிவாரணத்தை ஆராய்ந்தது. அதன் பின்விளைவாக வந்த 1939 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் நடைமுறையில் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்டி அவற்றுள் ஒன்றாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. உழைக்க இயலாதவருக்குச் சிறு உதவிப் பணம், அன்றேல் மடம் அல்லது விடுதி என்பதே அச்சட்டத்தின் உலகம். தமக்கென வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே கதவைப் பூட்டித் திறந்து வாழும் அங்கவீனர் ஒருவர் அதன் கற்பனையில் இடம்பெறவில்லை.

1947 இல் சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதன் தலைவர் ஐவர் ஜெனிங்ஸ். அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர். அடுத்த ஆண்டு சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1952 இல் அப்பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. சமூக நலனை ஆராய்ந்த அறிஞரின் தலைமையில் எழுந்த இவ்வெழில்மிகு வளாகமும் படிகளின் மேலேயே எழுந்தது என்பதைக் குறைகூறும் நோக்கில் அன்றி, அக்காலச் சிந்தனையின் எல்லையைக் காட்டும் பொருட்டே இங்கு குறிப்பிடுகிறேன்.

கண்டிச் சுற்றாடலின் உழைக்கும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை, வாடகை என்னும் உறவே பெரும்பாலும் அவர்களை எட்டவில்லை. மகியாவையில் மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் லயம். இரண்டிலும் வீடு தொழிலுடன் பிணைக்கப்பட்டிருந்தது. லயத்தின் அமைப்பை அறியாதோருக்காகச் சிறிது விரித்துரைக்கலாம். நீண்ட கட்டடமொன்று பல காம்பராக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பரா ஒரு குடும்பத்துக்கு உரியது. அதன்முன் ஒடுங்கிய இஸ்தோப்பு. மழைநீர் புகாதிருக்கத் தரை உயர்த்தப்பட்டிருப்பதால் இஸ்தோப்புக்கே படியேற வேண்டும். தண்ணீர்ப் பீலி ஒரு புறம், மலசலகூடம் மறுபுறம்; இடையே சறுக்கும் ஒற்றையடிப் பாதை. கவ்வாத்துக் கத்தியால் விரலிழந்தவரும், மலையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவரும், முதுமையால் பார்வை மங்கியவரும் இக்காம்பராவுக்குள்ளேதான் அடங்க வேண்டும்.

இவர்களுக்கு வீடு கிடைத்தது உண்மை, வாடகையும் இல்லை. ஆனால் அவ்வீடு உழைக்கும் உறவினரின் பெயரால் கிடைத்தது. பேர் பதிந்த மகனோ மருமகளோ தோட்டத்தை விட்டு நீங்கினால், நீங்காதவரின் நிலை கேள்விக்குறியாகும். உழைப்பாற்றலுக்குக் கைமாறாகத் தரப்படும் வீட்டில், உழைப்பாற்றலை இழந்தவர் பிறருடைய நிழலாகவே வாழ முடியும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிய பின்னர், வெளியே சென்று நகரில் வீடு தேடும் துணிவும் குன்றிற்று. வாடகை பெறப்படாத இவ்வீடுகளை வாடகைச் சட்டமும் தீண்டவில்லை.

அவ்வாடகைச் சட்டங்களே இக்கட்டுரையின் மையம். வாடகைக் கட்டுப்பாடு போரின் பிள்ளை. முதலாம் உலகப் போரின்போது 1915 இல் கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்களின் முன்னணியில், உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்துப் போராடின. அப்போராட்டத்தின் பேறாகவே பிரித்தானியாவில் வாடகைக் கட்டுப்பாடு சட்டமாயிற்று. இலங்கையிலோ இரண்டாம் உலகப் போர்க்கால நெருக்கடியில், 1942 இல், அது மேலிருந்து வந்தது. 1944 ஏப்பிரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டெல்லியிலிருந்து கண்டிக்கு மாறியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவே அதன் இருப்பிடமாயிற்று. ஒரு சிறு மலைநகரில் அதிகாரிகளும் எழுதுவினைஞரும் வந்து குவிந்த காலமது. 1948 இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சமாதான காலத்துக்கும் நிலைபெற்றது. 1972 இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைக் கொணர்ந்தது. அடுத்த ஆண்டில் வீட்டமைப்பு அமைச்சர் பீற்றர் கெனமன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தை நிறைவேற்றினார்.

இச்சட்டங்களின் முற்போக்குத் தன்மையை மறுத்தல் நேர்மையாகாது. வாடகைக்கு எல்லை விதித்தன. நினைத்தபோது வெளியேற்றும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தின. வாடகைச் சபைகளை அமைத்தன. உச்சவரம்புச் சட்டம் குடியிருந்தவர் பலரை உரிமையாளராக்கிற்று. கண்டியின் பழைய தெருக்களில் ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழும் வாடகைக் குடும்பங்கள் இச்சட்டங்களின் பேறாகும். அங்கவீனருக்கும் இதில் மறைமுகப் பயன் இருந்தது. ஒரு வீட்டின் ஒவ்வொரு வாசற்படியையும் கையால் தடவிப் பழகிய பார்வையற்றவருக்கு, அவ்வீட்டிலிருந்து பெயர்க்கப்படாதிருத்தலே பேருதவி. தமது சொந்தத் தேவைக்கு வீடு வேண்டும் என உரிமையாளர் வழக்கிட்டபோது, குடியிருப்போரின் இடர்ப்பாட்டையும் எடைபோடும் மரபு நீதிமன்றங்களில் வளர்ந்தது.

ஆனால் சட்டம் வீட்டை ஒரு தொகையாகவே கண்டது. கட்டடமாகக் கண்டபோதும் பழுதைப் பற்றியே பேசிற்று. கூரை ஒழுகினால் குடியிருப்பவர் வாடகைச் சபையிடம் முறையிடலாம். வாசற்படி உயரமாயிருப்பதைப் பற்றி முறையிட வழியில்லை. அது பழுதன்று, கட்டப்பட்டவாறே இருக்கிறது. அதனைக் குடியிருப்பவரே உடைத்துச் சாய்தளம் அமைத்தாலோ? குடியிருப்பவரின் செயலால் கட்டடம் சீர்கெட்டமை வெளியேற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக அச்சட்டத்திலேயே உள்ளது. சாய்தளம் சீர்கேடா, சீர்திருத்தமா? சட்டம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் உரிமையாளரின் விளக்கமே மேலோங்கும். குடியிருப்பவரைக் காக்க எழுந்த சட்டம், அவர் சக்கர நாற்காலியில் இருப்பின், தன் வீட்டைத் தனக்கேற்ப மாற்றியதற்காகவே அவரை வெளியேற்றும் கருவியாகவும் ஆகக்கூடும்.

1977 க்குப் பின் காற்று மாறியது. அவ்வாண்டிலும் 1980 இலும் பின்னர் 2002 இலும் வந்த திருத்தங்களால் வாடகைச் சட்டத்தின் ஆட்சியெல்லை படிப்படியாகச் சுருங்கிற்று. அரசின் கவனம் வாடகையிலிருந்து சொந்த வீட்டுக்குத் திரும்பிற்று. 1979 இல் தேசிய வீடமைப்பு அதிகாரசபை. பிரேமதாசவின் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம். 1984 இலிருந்து பத்து இலட்சம் வீட்டுத் திட்டம். இப்பெருந் திட்டங்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குக் கூரை தந்தன. அவற்றின் அச்சாணி சுய உதவி: அரசு சிறு கடன் தரும், குடும்பம் காணியும் உழைப்பும் தரும். கல் சுமக்க இயலாதவர், காணியில்லாதவர், தனியாக வாழ்பவர் ஆகியோருக்கு இதில் இடம் குறைவு. அங்கவீனருக்கென அரசு வழங்கிவரும் வீட்டுதவியும் வீடு கட்டுவதற்கோ திருத்துவதற்கோ உரியது. மாத வாடகைக்கு உரியதன்று.

உரிமை மொழி 1996 இல் வந்தது. அவ்வாண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனர் உரிமைப் பாதுகாப்பைப் பிரகடனஞ் செய்து தேசிய சபையொன்றை அமைத்தது. அதன் பாரபட்சத் தடை மூன்று களங்களைப் பற்றியது: தொழில், கல்வி நிறுவன அனுமதி, பொதுமக்கள் செல்லும் கட்டடங்களும் இடங்களும். 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களின் சாய்தளம், கதவு, மலசலகூடம் ஆகியவற்றுக்கு அளவுகளை வகுத்தன. ஏட்டிலிருந்த விதிகளுக்கு உயிரூட்ட ஒரு தனிமனிதர் போராட வேண்டியிருந்தது. 1992 இல் வாகனத்தின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு ஆளான கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தில் தாமே வழக்காடி, 2011 ஏப்பிரல் 27 இல், புதிய பொதுக் கட்டடங்களில் அணுகுவசதியை வலியுறுத்தும் தீர்ப்பைப் பெற்றார். அவர் 2020 இல் காலமானார். வங்கிக்கும் உணவகத்துக்கும் செல்லும் உரிமையை அவர் நிலைநாட்டினார். ஆயினும், அங்கு செல்லப் புறப்படுவதற்கு வீடொன்று வேண்டுமல்லவா? தனியார் வாடகை வீடு பொதுக் கட்டடம் அன்று. 2016 பெப்ருவரியில் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 19 ஆம் உறுப்புரை, எங்கு, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையைக் கூறுகிறது. உள்நாட்டு வாடகைச் சட்டத்தில் அதன் எதிரொலி இன்னும் கேட்கவில்லை.

இவ்விடைவெளி தவிர்க்க முடியாததன்று. சுவீடனில் 1964 இல் தோன்றிய ஃபோக்குஸ் சங்கம், விடுதியை விட்டுச் சாதாரண மாடிக் குடியிருப்புகளுக்குள்ளேயே கடும் உடற்குறைபாடுடையோருக்கு வாடகை வீடுகளையும் உதவியாளர் சேவையையும் அமைத்தது. பிரித்தானியாவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம், அங்கவீனரின் தேவையைக் கருத்திற்கொண்டு வீடமைக்குமாறு உள்ளூராட்சி அமைப்புகளைப் பணித்தது. நமக்கு மிகவும் பயன்தரும் முன்மாதிரி ஐக்கிய அமெரிக்காவின் 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் என்பது என் கருத்து. முதலாளித்துவத்தின் கோட்டையாகிய அந்நாட்டிலே, குடியிருப்பவர் தம் செலவில் நியாயமான மாற்றங்களைச் செய்வதை வீட்டு உரிமையாளர் மறுக்கலாகாது என்று சட்டம் விதித்தது. செலவைக் குடியிருப்பவர் மேல் ஏற்றியமை அதன் குறை. வறியவருக்கு அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காய். எனினும் ‘இது சீர்கேடு அன்று’ என்னும் ஒரு வாக்கியம் நம் வாடகைச் சட்டத்தில் சேர்வதற்கு அரசின் திறைசேரியிலிருந்து ஒரு சதமும் தேவையில்லை.

வரலாற்றுக் கட்டுரையில் சொந்த அனுபவத்துக்கு இடமுண்டா என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் வாடகை வீட்டுத் தேடல் ஆவணக் காப்பகத்தில் பதிவாவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், முள்ளந்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலியில் இயங்கும் நண்பர் ஒருவருக்காகப் பெனிதெனிய, கெலிஓயா, குண்டசாலை, கட்டுகஸ்தோட்டை எனப் பல வாரங்கள் வீடு தேடினேன். முதலில் கண்டது கட்டடக் கலையின் ஒரு விதி: சரிவு நிலத்தில் வீடு கட்டுவோர் வீதி மட்டத்தில் தாம் வாழ்ந்து, கீழ்த் தட்டையோ மேல் மாடியையோ வாடகைக்கு விடுகின்றனர். ஆதலால் ‘அனெக்ஸ்’ என்று விளம்பரமாகும் பகுதிக்குப் பெரும்பாலும் ஏறவோ இறங்கவோ வேண்டும். ஏறாமலும் இறங்காமலும் செல்லக்கூடிய ஒரு வீட்டில் மலசலகூடக் கதவின் அகலம் நாற்காலியினதிலும் ஓரங்குலம் குறைந்திருந்தது. இன்னொன்றில் குந்து மலசலகூடம் மட்டுமே.

கட்டடம் ஒத்துவந்த இடங்களில் மனிதர் ஒத்துவரவில்லை. எவரும் கடிந்து பேசவில்லை, தேநீர்கூடத் தந்தனர். ‘இவரை யார் பார்த்துக்கொள்வது? ஏதும் நடந்தால் நாங்களல்லவா பொலிசுக்கு அலைய வேண்டும்’ என்றார் ஒருவர். தொலைபேசியில் இசைந்த மற்றொருவர், நாற்காலியைக் கண்டதும் மகள் வெளிநாட்டிலிருந்து திரும்புவதாகச் சொன்னார். தமிழ்ப் பெயருக்காகவே மூடப்படும் கதவுகளை 1983 க்குப் பின் கண்டியில் வீடு தேடிய தமிழர் பலர் கண்டதுண்டு. நண்பருக்கு அது எந்தக் கதவு எனப் பிரித்தறிய முடியவில்லை. முற்பணமோ ஆறு மாதம், ஓராண்டு. 2023 இல் ‘அஸ்வெசும’ தொடங்கியபோது அங்கவீனருக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபா. பின்னர் அது உயர்த்தப்பட்டது. அன்று அத்தொகை நகருக்குள் ஓர் அறையின் வாடகைக்குக்கூடக் காணாது.

முடிவில் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், சமதரையில், முன்னர் உரக்கடையாயிருந்த இடம் ஒன்று கிடைத்தது. மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவதற்காக அதன் வாசல் வீதியோடு ஒரே மட்டமாகவும் ஐந்தடி அகலமாகவும் கட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் அண்மையிற் சேர்த்த மலசலகூடம். உரத்தின் நெடி நீங்கச் சில மாதங்கள் ஆயின. உடன்படிக்கையில், கட்டடத்தில் எவ்வித மாற்றமும் செய்யலாகாது என்னும் வழமையான வாசகம் இருந்தது. மலசலகூடச் சுவரில் கைபிடிக் கம்பியொன்று பொருத்த அனுமதி கேட்டோம். உரிமையாளர் உடனே இசைந்தார். அதனை எழுத்தில் தருமாறு கேட்டபோது மறுத்துவிட்டார்.